தம்பி அழும் வீடு

என் மகளை எப்படித் தொட வேண்டும் என்று இன்னொருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவள் நான்கு வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா தடவாதீங்க, டேடி. உங்களுக்கு அது பாசம். அவளுக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி. அழுத்திப் பிடிங்க. பிடிச்சா நல்லா பிடிங்க."

சொன்னவர் என் மகளுக்குப் பயிற்சி தரும் தெரபிஸ்ட். இந்தத் தீவு நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. எல்லாப் பெற்றோரையும் டேடி, மம்மி என்றே கூப்பிடுவார். அவருடைய அறையில் கூரையிலிருந்து ஒரு வலை ஊஞ்சல் தொங்கியது. தரையில் தடித்த மெத்தைகள், துணியில் செய்த குகை, அரிசியும் பயறும் கொட்டிவைத்த பெரிய தொட்டி. ஏதோ விளையாட்டுக்கூடத்துக்கு வந்துவிட்டோம் என்று முதல் நாள் நினைத்தேன்.

அவர் இரண்டு மெத்தைகளுக்கு நடுவே என் மகளைப் படுக்கவைத்து, மேல் மெத்தையை இரு கைகளாலும் அழுத்தினார். தலை மட்டும் வெளியே தெரிந்தது. நான் பதறி எழுந்துவிட்டேன். தலைசீவப் போனாலே ஊரைக் கூட்டுகிற பிள்ளை, இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். அவளோ கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகம் தளர்ந்து நான் பார்த்ததேயில்லை, அன்று பார்த்தேன். பிறகு கண்ணைத் திறந்து, "மோர்" என்றாள்.

என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அப்போது அவள் வயிற்றில் எங்கள் இரண்டாவது பிள்ளை இருந்தான்.

அந்த அறைக்கு வந்து சேர்வதற்கு எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. கைக்குழந்தையாக இருந்தபோதே குளிப்பாட்டினால் மூச்சு நின்றுவிடும்போல் கத்துவாள். சட்டையின் கழுத்துப் பக்கம் தைத்திருக்கும் லேபிளை வெட்டி எடுக்காவிட்டால் சட்டையையே கழற்றி எறிவாள். பேரங்காடிக் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் உறுமினால் போதும், அன்றைய நாள் அவ்வளவுதான். காளியம்மன் கோயிலில் மேளம் தொடங்கியதும் அவள் என் தோளைக் கடித்த தழும்பு இன்னும் மறையவில்லை. நாங்கள் இருப்பதோ தேக்காவில், பஃபலோ ரோட்டில் அரசு கட்டிய வீவக அடுக்குமாடியில். கீழே பூக்கடை, காய்கறிக்கடை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் தீவெங்குமிருந்து வந்து கூடும் வெளிநாட்டு ஊழியர்கள். வீட்டை மாற்றலாமா என்று பேசினோம். எந்தப் பேட்டைக்குப் போனாலும் மின்தூக்கி சத்தமும் பக்கத்து வீட்டு டிரில் சத்தமும் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

கண்ணு பட்டிருக்கிறது என்றார்கள் சிலர். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்றார்கள் சிலர். குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் ஒருநாள் பிறந்தநாள் பாட்டுப் பாடியபோது அவள் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு மாலைவரை வெளியே வரவில்லை. அதற்குப் பிறகுதான் பலதுறை மருந்தகத்து டாக்டர், அங்கிருந்து மருத்துவமனை, அங்கே காத்திருப்பு, கடைசியில் இந்த அறை.

"கண்ணு, காது, தோலு, எல்லாம் மூளைக்கு நியூஸ் அனுப்பிக்கிட்டே இருக்கும்," என்று தெரபிஸ்ட் விளக்கினார். "நம்ம மூளை அதுல முக்காவாசிய ஒதுக்கித் தள்ளிடும். ஃபேன் சத்தம் இப்ப உங்களுக்குக் கேக்குதா? நான் சொன்னப்புறம்தானே கேக்குது? அவளுக்கு எல்லாமே ஒரே நேரத்துல கேக்குது. அதான் பிரச்சினை."

நான் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. இரும்பை இழைக்கிற, சம்மட்டியால் அடிக்கிற சத்தத்துக்கு நடுவே நாள் முழுதும் நடப்பவன். காதுமூடி போடாமல் ஒருவன் நின்றால் வேலையை நிறுத்தி அவனை வெளியே அனுப்பும் அதிகாரம் எனக்கு உண்டு. அங்கே எதையும் நிறுத்த முடிகிற எனக்கு வீட்டில் ஒரு மிக்ஸியைக்கூட அவள் விழித்திருக்கும்போது ஓடவிட முடியவில்லை.

வாரத்துக்கு ஒருமுறை அவளை அழைத்துக்கொண்டு போனோம். ஊஞ்சலில் குப்புறப் படுத்தபடி ஆடினாள். புத்தகம் அடைத்த கூடையை அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தள்ளினாள். கனமான வேலை அவள் உடம்பை அமைதிப்படுத்தும் என்று சொன்னதால் வீட்டிலும் அரிசிப் பையை இழுக்கவிட்டோம். குளிப்பதற்கு முன் தோளையும் கையையும் அழுத்திவிட்டோம். மெல்ல மெல்ல மாற்றம் தெரிந்தது. இட்லியைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு நக்கினாள், ஒருநாள் தின்றாள். இரவில் தூங்கினாள். நானும் மனைவியும் சைனாடவுன் வரை அவளை எம்ஆர்டி ரயிலில் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பிய நாளில், ஏதோ தேர்வில் ஜெயித்ததுபோல் இருவரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

பாப்பா பிறந்தால் அழுமே என்ற கவலையைத் தெரபிஸ்டிடம் முன்பே சொல்லியிருந்தோம். அவர் அதற்கும் பழக்கினார். என் மகள் ஊஞ்சலில் ஆடும்போது ஒரு குழந்தையின் அழுகுரலைக் கைபேசியில் மிகச் சன்னமாகப் போட்டார். வாரா வாரம் கொஞ்சம் கூட்டினார். அவள் முகம் சுளித்தாள், காதைத் தேய்த்துக்கொண்டாள், ஆனால் ஊஞ்சலைவிட்டு இறங்கவில்லை. "பாப்பா க்ரையிங்," என்று எங்களுக்கே அறிவித்தாள். நாங்கள் தயாராகிவிட்டோம் என்று நம்பினோம்.

மகன் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, கூடத்தில் அவன் படுத்திருந்த கூடையைக் கீழே வைத்ததும் கண்ணைச் சுருக்கி வாயைத் திறந்தான்.

கைபேசியில் வந்த அழுகையைக் குறைக்க ஒரு பொத்தான் இருந்தது. இவனுக்கு இல்லை. என் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் போனாள். பிறகு நெற்றியால் சுவரை இடித்தாள். ஒன்று, இரண்டு என்று நிற்கவில்லை. நான் ஓடிப்போய் அழுத்திப் பிடித்தேன். பிடித்தபடியே நின்றேன். அவள் என் கையை அல்ல, தன் கையைக் கடித்துக்கொண்டாள். அறைக்குள் மனைவி பால் கொடுக்க முயன்றாள். அக்காவின் அலறலில் மிரண்டு அவன் பாலைக் குடிக்காமல் இன்னும் கத்தினான். ஒருவரின் சத்தம் இன்னொருவரைக் கிளப்பியது.

அடுத்த வாரங்களும் அப்படியே போயின. அவன் சிணுங்கினால் நாங்கள் இருவரும் எழுந்து ஓடினோம், ஒருவர் அவனிடம், ஒருவர் அவளிடம். தின்ற இட்லியை அவள் மறந்தாள். தூக்கம் போனது. பேசிக்கொண்டிருந்த சில சொற்களும் குறைந்தன. ஒரு தடவை கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்தில் ஓடிப்போய், படிக்கட்டில் உட்கார்ந்து முட்டிக்கு நடுவே தலையை வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இரும்புக் கதவையும் பூட்டி வைத்தோம்.

ஒரு நாள் மாலை மனைவி துணி காயப்போடச் சமையலறைப் பக்கம் போயிருந்தாள். நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மகனின் அழுகை கேட்டது, சட்டென்று அடைபட்டது. இருவரும் உள்ளே ஓடினோம். என் மகள் கட்டிலருகே நின்று உள்ளங்கையை அவன் வாய்மேல் வைத்திருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. வானொலியை நிறுத்துகிற மாதிரி அத்தனை சாதாரணமாக வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஆஃப்," என்றாள்.

அவள் கையை எடுத்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூச்சை இழுத்து முன்னைவிடப் பெரிதாக அழுதான். மனைவி அவனை மார்போடு தூக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ கெட்டவ இல்லைங்க," என்றாள். "அவளுக்குத் தெரியாதுங்க." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள், நான் ஏதோ மகளைக் குற்றம் சொல்லிவிட்டதுபோல. நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. என் கையில் மகள் விறைத்துப்போய் நின்றாள்.

மறுநாள் தெரபிஸ்டிடம் நான் மட்டும் போய்ச் சொன்னேன்.

"என்ன பண்ணட்டும்? ஏதாவது எக்சர்சைஸ் இருந்தா சொல்லுங்க, மிஸ். எது சொன்னாலும் செய்றோம்."

"எனக்கும் தெரியல, டேடி," என்றார். "நான் அவ உடம்ப அமைதியா வச்சுக்கத்தான் ஹெல்ப் பண்ண முடியும். பிறந்த குழந்தைய அழாம வைக்க என்னால முடியாது. உங்களாலயும் முடியாது. இப்போதைக்கு ரெண்டு பேரையும் தனியா விடவே விடாதீங்க. ஒரு நிமிஷம்கூட." கொஞ்சம் தயங்கி, "தனித்தனியா வச்சுக்க எங்கயாவது இடம் இருக்கா?" என்று கேட்டார்.

மனைவி தமிழ்நாட்டுப் பெண், கல்யாணமாகி இங்கே வந்தவள். திருச்சியில் அவளுடைய அக்கா வீடு இருந்தது. அவள் வேலை பார்த்த தஞ்சோங் பகார் அலுவலகம் அவளுக்குப் பிரசவ விடுப்பையும் அதற்கு மேலும் கொடுத்தது. முடிவை நாங்கள் எடுத்தோம் என்று சொல்ல முடியாது. வேறு எதுவும் மிஞ்சவில்லை. கைக்குழந்தையை அம்மாவிடமிருந்து பிரிக்க முடியாது. மகளைத் தெரபி அறையிலிருந்தும், பழகிய வீட்டிலிருந்தும் பிரித்து விமானத்தில் ஏற்ற முடியாது. ஆகவே அவன் அம்மாவோடு, இவள் என்னோடு.

விமான நிலையத்துக்கு நானும் மகளும் போகவில்லை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் டாக்சிக்காகக் காத்திருந்தோம். மகன் தூங்கிக்கொண்டிருந்தான். மனைவி அவனை என்னிடம் கொடுத்துவிட்டு மகள்முன் மண்டியிட்டு, சொல்லித் தந்தபடி அவளை இறுக்கி அணைத்தாள். எவ்வளவு நேரம் பிடிக்கலாமோ அவ்வளவு நேரம் பிடித்தாள்.

"அம்மா போய்ட்டு வர்றேன்டா. சரியா?"

மகள் அவள் தோளுக்குமேல் என் கையிலிருந்த மகனைப் பார்த்து, "பாப்பா அழல," என்றாள்.

டாக்சி கிளம்பியதும் என் விரலைப் பிடித்து மின்தூக்கிப் பக்கம் இழுத்தாள்.

வேலை நேரத்தை மாற்றித் தரும்படி மேலாளரிடம் கேட்டேன், தந்தார். மகளைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டுத் துவாஸுக்குப் போய், மாலை திரும்பி வந்து கூட்டிக்கொள்வேன். பட்டறையில் என் முகம் சரியில்லை என்று கவனித்த ஒரு வெல்டர், புதுக்கோட்டைக்காரர், என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன்.

"நானும் புள்ளைய போன்லதாண்ணே பாக்குறேன்," என்றார். "பொறந்ததுலேருந்து." பிறகு இருவரும் தேநீரைக் குடித்தோம்.

வீடு அமைதியானது. ஒரு மாதத்துக்குள் மகள் தூங்கத் தொடங்கினாள், இட்லிக்குத் திரும்பினாள். அம்மாவும் தம்பியும் இல்லாத வீடு அவளுக்கு ஒத்துக்கொண்டது என்பதை எப்படி மனைவியிடம் சொல்வது? தினமும் வீடியோவில் பேசினோம். மறுமுனையில் மகன் அழுதால் மகள் என் கைபேசியின் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுவாள். மனைவியின் முகம் பாதிச் சொல்லில் காணாமல் போகும். நான் மறுபடி கூப்பிட்டால், "பரவாயில்லைங்க, நான் அப்புறமா பேசுறேன்," என்பாள். அந்தக் குரலை எந்தப் பொத்தானாலும் நிறுத்த முடியாது.

குழந்தைகளுக்கான காதுமூடி ஒன்றை வாங்கினேன். போட்டதும் அவளுக்குப் பிடித்துவிட்டது. கழற்றவே மறுத்தாள். தெரபிஸ்ட் அதைப் பார்த்து, "கூட்டமா இருக்கற இடத்துல மட்டும் போடுங்க. எந்நேரமும் போட்டா காது இன்னும் கூர்மையாயிடும். வீட்டுல கொஞ்சம் கொஞ்சமா விட்டுருங்க," என்றார்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. அவள் விரும்பித் தின்னும் ஒரே பிஸ்கட் தீர்ந்துவிட்டது. வீட்டில் அவளை விட்டுப்போக ஆள் இல்லை. காதுமூடியை மாட்டி அவளைக் கீழே கூட்டிப்போனேன். பஃபலோ ரோட்டில் கால் வைக்க இடமில்லை. அகல்விளக்கும் மாலையும் வாங்க வந்த கூட்டம். கடை வாசலை அடைந்துவிட்டோம். அப்போது வரிசையில் நின்ற ஒரு பெண்மணி, "அச்சோ, எவ்ளோ அழகா இருக்கு," என்று சொல்லி விரல் நுனியால் என் மகளின் கன்னத்தை மெல்லத் தடவினார்.

அவள் விழுந்து புரண்டாள். காதுமூடி தெறித்து யார் காலடியிலோ போனது. தலை சிமெண்டுத் தரையில் மோதுமுன் என் கையை அடியில் கொடுத்தேன். பிறகு அந்த நடைபாதையிலேயே அவளோடு படுத்து, என் உடம்பின் பாரத்தால் அவளை அணைத்துப் பிடித்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சுற்றிக் கால்கள் கூடின.

"நாலு போடு போடுங்க, சரியாயிடும்," என்றார் ஒருவர்.

"ஏய், விடுய்யா! புள்ளைய என்ன பண்றே?" என்றது வேறொரு குரல். யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"என் புள்ளைங்க. என் புள்ளை," என்றேன். அதற்குமேல் எனக்கு வாக்கியம் வரவில்லை. கண்ணை உயர்த்தியபோது ஒருவர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் அடங்கி என் கழுத்தில் முகம் புதைத்த நேரத்தில் ரோந்து வந்த இளம் போலீஸ்காரர் ஒருவர் எங்கள் பக்கத்தில் குனிந்தார். என்னிடம் கேட்பதற்கு முன் அவளிடம் ஆங்கிலத்தில் மென்மையாகக் கேட்டார், "இவர் உன் டேடியா?"

என் மகள் புதியவர்களோடு பேசமாட்டாள். அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் மறுபடி கேட்டார். அவள் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லும்மா" என்று நான் கெஞ்சினால் அதுவே தப்பாகத் தெரியுமோ என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

காய்கறிக்கடைக்காரர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அவர் பொண்ணுதான் லா, சார். மேல் மாடியில இருக்காங்க. பாப்பாவுக்கு உடம்புக்குக் கொஞ்சம் முடியாது." காதுமூடியை எடுத்துத் துடைத்து என்னிடம் தந்தார். போலீஸ்காரர் மின்தூக்கி வரை எங்களோடு நடந்து வந்தார். கன்னத்தைத் தடவிய பெண்மணி தூரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். அவரிடம் போய் உங்கள்மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெம்பு இல்லை. பிஸ்கட் வாங்காமலே வீட்டுக்கு வந்தோம்.

மனைவி பொங்கலுக்குப் பிறகு மகனோடு திரும்பி வந்தாள். அவன் உட்காரப் பழகியிருந்தான். அழுகையும் மாறியிருந்தது, பிறந்தபோது இருந்த கிறீச்சிடும் குரல் இல்லை. மகள் கதவோரம் நின்று பார்த்தாள். அம்மாவிடம் வந்து முதுகைத் திருப்பி நின்றாள். அதுதான் அவள் அணைக்கச் சொல்லும் விதம். மனைவி அணைத்தாள். தம்பியை மகள் பார்க்கவேயில்லை.

அதன்பின் இரண்டு அறைகளில் இரண்டு குடும்பம்போல் வாழ்ந்தோம். ஓர் அறையில் நானும் மகளும், ஓர் அறையில் மனைவியும் மகனும். அவன் அழுதால் மகள் எழுந்து எங்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சுவரை இடிப்பது நின்றது. கையைக் கடிப்பது முழுதும் நிற்கவில்லை. அவன் தவழ்ந்து அவளிடம் போவான். அவள் காலை இழுத்துக்கொண்டு சோபாமேல் ஏறிவிடுவாள். அவன் சிரிப்பான். மறுபடி போவான்.

"இது தெரபியால வந்த மாற்றமா, வளர்ந்ததால வந்ததா?" என்று தெரபிஸ்டிடம் ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டும் இருக்கலாம், டேடி. என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது," என்றார். இன்னும் எத்தனை காலம் என்று கேட்க வாயெடுத்தேன். அவருக்கு அதுவும் தெரியாது என்பது தெரிந்ததால் விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். மகன் சோபாவைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகிக்கொண்டிருந்தான். என் மகள் சன்னலோரம் உட்கார்ந்து மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் கை நழுவி, பின்பக்கமாக விழுந்து, தலை தரையில் தட்டியது. ஒரு கணம் சத்தமில்லை. பிறகு வீடு அதிர அழுதான்.

நான் அவனை நோக்கி எட்டு வைப்பதற்குள் மகள் ஓடிவந்து என் முன்னால் நின்றாள். அறைக்கு ஓடவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கித் தன் இரண்டு காதுகளின்மேல் வைத்துக்கொண்டாள்.

"அப்பா. பிரஸ்," என்றாள்.

அழுத்தினேன். அவள் உடம்பு நடுங்கியது என் உள்ளங்கைகளில் தெரிந்தது. கையை எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு எட்டு தூரத்தில் மகன் மல்லாந்து கிடந்து என்னைப் பார்த்துக் கைகளை நீட்டினான். ரத்தம் எதுவும் இல்லை, தலையை அசைக்கிறான், கால்களை உதைக்கிறான் என்று பட்டறையில் விழுந்தவனைப் பார்ப்பதுபோல் தூரத்திலிருந்தே அவனைப் பார்த்தேன்.

"அப்பா இருக்கேன்டா," என்றேன். "இதோ இருக்கேன், வந்துடுறேன்." அவன் அழுகையில் அது அவனுக்குக் கேட்டிருக்காது. என் கைகளுக்குள் இருந்த அவளுக்கும் கேட்டிருக்காது.

அவன் அழுது அழுது ஓய்ந்தான். தானே புரண்டு எழுந்து உட்கார்ந்து, மூக்கு ஒழுக, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மகள் என் கைகளைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மரக்கட்டைகளிடம் திரும்பிப் போனாள். நான் போய் அவனைத் தூக்கினேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், என் தோளுக்குமேல் அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.